குழந்தை விழுங்கிய மருந்து: பரிசோதனை எதைச் சொல்லும், எதைச் சொல்லாது

வீட்டில் இருந்த மாத்திரையை இரண்டு வயதுக் குழந்தை எடுத்து வாயில் போட்டுக்கொண்டது தெரியவந்ததும், கோத்தகிரியிலோ கூடலூரிலோ ஒரு குடும்பம் மருத்துவமனை வாசலில் முதலில் கேட்பது பெரும்பாலும் இதைத்தான்: "ரத்தம் எடுத்துப் பாருங்க டாக்டர், என்ன சாப்பிட்டான்னு தெரிஞ்சிடும்ல?" அந்த நம்பிக்கை இயல்பானது. காய்ச்சலுக்கு இரத்தம் எடுத்தால் டெங்குவா டைபாய்டா என்று சொல்லிவிடுகிறார்கள், மருந்துக்கு மட்டும் ஏன் முடியாது என்றே யாரும் நினைப்பார்கள். ஆனால் மருந்து நச்சில் வரிசை தலைகீழானது. விழுங்கியது எந்த மருந்து என்று மருத்துவருக்கு ஓரளவாவது தெரிந்திருந்தால்தான், எந்தப் பரிசோதனையை எத்தனையாவது மணி நேரத்தில் செய்வது என்று அவர் முடிவெடுக்க முடியும். பெயரையும் நேரத்தையும் வீடு தர வேண்டும். அந்தப் பெயருக்கு உரிய அளவைத்தான் ஆய்வகம் தரும். இது புரியாததால் மலைப்பாதையில் கையில் இருக்கும் சில மணி நேரமும் கரைந்துபோகக் கூடாது என்பதற்காகவே இந்த விளக்கம்.

தவறுதலாக மருந்தை விழுங்கும் விபத்துகள் ஒன்று முதல் நான்கு வயது வரை மிகுதியாக நடக்கின்றன. கைக்குக் கிடைப்பதை வாயில் வைத்துப் பார்க்கும் பழக்கம் அப்போது இன்னும் போயிருக்காது. நடக்கவும் ஏறவும் மூடியைத் திருகவும் கை கால்கள் பழகியிருக்கும். பத்து கிலோ எடையுள்ள குழந்தைக்குள் அறுபது கிலோ எடையுள்ள பெரியவரின் ஒரு வேளை மருந்து போனால், அது ஆறு மடங்கு அளவாகிவிடுகிறது. ஒரே மாத்திரை உயிருக்கு ஆபத்தாகக்கூடிய மருந்துகளும் இருக்கின்றன. நீரிழிவுக்கான கிளிமிபிரைட், கிளிபென்கிளமைடு, இரத்த அழுத்தத்திற்கான நிபெடிபின், குளோனிடின் போன்றவை அந்தப் பட்டியலில் வருபவை. இவற்றில் சில நம் பாட்டிமார்களின் தலைமாட்டில் அன்றாடம் இருப்பவை.

நீலகிரியின் தேயிலைத் தோட்டங்களில் தாய் காலையிலேயே கொழுந்து எடுக்கப் போய்விடுவார். பெண் தொழிலாளர் மிகுந்த தோட்டங்களில் குழந்தைக் காப்பகம் இருக்க வேண்டும் என்று 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டமே சொன்னது. ஆனால் சிறு தேயிலை விவசாயிகளின் நிலத்தில் கூலிக்குப் போகும் பெண்களுக்கு அந்த வசதி கிடையாது. அவர்களுடைய குழந்தை பாட்டியிடமோ தாத்தாவிடமோதான் வளர்கிறது. அந்த மூத்தவர்களுக்குச் சர்க்கரை, இரத்த அழுத்தம், தைராய்டு என்று மாத்திரைகள் உண்டு. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் இந்த மாத்திரைகளை வீட்டு வாசலுக்கே கொண்டுவருகிறது. ஏற்ற இறக்கமான பாதையில் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு நடக்க முடியாத முதியவர்களுக்கு அது எவ்வளவு பெரிய உதவி என்பதை மலையில் இருப்பவர்கள் அறிவார்கள். அதே சமயம், ஒற்றை அறை லைன் வீட்டில் பல வாரங்களுக்கான மாத்திரைகள் ஒரே கவரில் இருக்கின்றன என்பதும் உண்மை. மாத்திரை கொண்டுவரும் தன்னார்வலரே "இதை எங்கே வைக்கிறீங்க பாட்டி?" என்று ஒரு கேள்வியையும் சேர்த்துக் கேட்டால், எந்த ஆய்வகமும் செய்ய முடியாததை அந்தக் கேள்வி செய்யும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இனிப் பரிசோதனைகளுக்கு வருவோம். எல்லா வீட்டிலும் இருக்கும் பாராசிட்டமாலில் தொடங்குவது பொருத்தம்.

பாராசிட்டமால் சிரப் 5 மி.லி.க்கு 120 அல்லது 125 மி.கி. என்றும் 250 மி.கி. என்றும் இரு வலிமைகளில் விற்கப்படுகிறது. கைக்குழந்தைகளுக்கான சொட்டு மருந்தில் ஒவ்வொரு மி.லி.யிலும் 100 மி.கி. இருக்கும். 12 கிலோ எடையுள்ள குழந்தை 60 மி.லி. பாட்டில் முழுவதையும் குடித்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். 125 மி.கி. வகையானால் உள்ளே போனது 1500 மி.கி., அதாவது கிலோவுக்கு 125 மி.கி. 250 மி.கி. வகையானால் 3000 மி.கி., கிலோவுக்கு 250 மி.கி. ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தை ஒரே தடவையில் கிலோவுக்கு 200 மி.கி. அல்லது அதற்கு மேல் விழுங்கியிருந்தால் மருத்துவமனையில் மதிப்பிட வேண்டும் என்று பல நாடுகளின் வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. பாட்டிலின் உயரமும் நிறமும் சுவையும் ஒன்றாகவே இருக்க, லேபிளில் உள்ள ஓர் எண் குழந்தை எந்தப் பக்கம் நிற்கிறது என்பதை மாற்றிவிடுகிறது. சொட்டு மருந்தையும் சிரப்பையும் மாற்றிக் கொடுப்பது இன்னொரு வகை விபத்து. 5 மி.லி. சிரப் கொடுக்க வேண்டிய இடத்தில் 5 மி.லி. சொட்டு மருந்தைக் கொடுத்தால் 125 மி.கி.க்குப் பதில் 500 மி.கி. போய்விடும்; இங்கே மூடியைத் திறந்தது குழந்தையாக இருக்காது.

இந்த மருந்தின் கொடுமை அதன் அமைதியில் இருக்கிறது. அதிக அளவில் உட்கொண்ட குழந்தை முதல் நாள் விளையாடிக்கொண்டே இருக்கலாம், ஓரிரு முறை வாந்தி எடுக்கலாம், அதற்கு மேல் ஒன்றும் தெரியாது. கல்லீரல் நொதிகள் உயர்வது பெரும்பாலும் 24 மணி நேரத்துக்குப் பிறகுதான். அதனால் வந்தவுடன் எடுத்த கல்லீரல் பரிசோதனை சரியாக இருப்பதைக் கொண்டு நிம்மதி அடைய முடியாது. இரத்தத்தில் உள்ள பாராசிட்டமாலின் அளவை நேரடியாகப் பார்க்க வேண்டும். அதற்கும் ஒரு நேரக் கட்டுப்பாடு உண்டு: விழுங்கி நான்கு மணி நேரம் ஆகும் முன் எடுத்த மாதிரியில் மருந்து இன்னும் குடலிலிருந்து ஏறிக்கொண்டிருப்பதால், அதில் வரும் எண்ணை வைத்து முடிவு சொல்ல முடியாது. ரூமாக், மேத்யூ என்ற இரு மருத்துவர்கள் 1975-இல் வெளியிட்ட வரைபடம் இன்றும் பயன்படுகிறது. நான்காவது மணி நேரத்தில் ஒரு மி.லி. இரத்த நீரில் 150 மைக்ரோகிராம் என்ற கோட்டுக்கு மேல் அளவு இருந்தால், நச்சை முறிக்கும் மாற்று மருந்து தேவை. பிரிட்டன் 2012-இல் அந்தக் கோட்டை 100-க்கு இறக்கியது. மாற்று மருந்தான அசிட்டைல்சிஸ்டீன் எட்டு மணி நேரத்துக்குள் கொடுக்கப்பட்டால் கல்லீரலைப் பெரும்பாலும் முழுமையாகவே காப்பாற்றிவிடும்.

நான்கு, எட்டு என்ற இந்த இரண்டு எண்களையும் மலைப்பாதையோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். பந்தலூர்ப் பக்கத்துத் தோட்டத்தில் மாலையில் நடந்த விபத்து, கூடலூர் வழியாக உதகைக்கு வரும்போதே இரண்டாவது அல்லது மூன்றாவது மணி நேரம் ஆகியிருக்கும். மருந்தின் அளவைப் பார்க்கும் வசதி இல்லாத மருத்துவமனையில் குழந்தை இருந்தால், நான்காவது மணி நேரத்தில் அங்கேயே இரத்தத்தை எடுத்து, குழாயின் மேல் எடுத்த நேரத்தை எழுதி, வசதி உள்ள இடத்துக்கு அனுப்பலாம். எட்டு மணி நேரத்துக்குள் முடிவு வராது என்று தெரிந்தால், முடிவுக்குக் காத்திராமல் மாற்று மருந்தைத் தொடங்கிவிட்டு, அளவு குறைவு என்று வந்த பின் நிறுத்திக்கொள்வதே மருத்துவ நடைமுறை. நேரம் எழுதப்படாத மாதிரியின் எண்ணை அந்த வரைபடத்தில் எந்த இடத்திலும் வைக்க முடியாது.

காய்ச்சலுக்காக இரண்டு மூன்று நாள்கள் அளவுக்கு மேல் தொடர்ந்து கொடுத்துவந்ததால் வரும் பாதிப்புக்கு இந்த வரைபடம் பொருந்தாது என்பதையும் சொல்லியாக வேண்டும். அங்கே மருந்தின் அளவோடு கல்லீரல் நொதியையும் சேர்த்துப் பார்த்தே முடிவெடுக்கிறார்கள். "ஒரே தடவையா, பல தடவையா?" என்று மருத்துவர் திரும்பத் திரும்பக் கேட்பது இதற்காகத்தான்.

அடுத்தது இரும்புச்சத்து மாத்திரை. தோட்டப் பெண்களிடையே இரத்தசோகை பரவலாக இருப்பதால் இந்த மாத்திரை இல்லாத வீடு குறைவு. கர்ப்பிணிகளுக்கு அரசு வழங்கும் சிவப்பு மாத்திரையில் 60 மி.கி. இரும்பும் 500 மைக்ரோகிராம் போலிக் அமிலமும் இருக்கின்றன; மேலே சர்க்கரைப் பூச்சு உண்டு. குழந்தையின் கண்ணுக்கு அது மிட்டாயாகவே தெரியும். உடல் எடையில் கிலோவுக்கு 20 மி.கி. இரும்பு போனாலே வயிற்றுத் தொல்லை தொடங்கும், 60 மி.கி.க்கு மேல் போனால் உயிருக்கு ஆபத்து. பத்து கிலோ குழந்தைக்கு அது பத்து மாத்திரை, அதாவது ஒரு அட்டையின் அளவு.

இரும்பு நச்சில் குடும்பங்கள் ஏமாந்துபோகும் இடம் ஒன்று உண்டு. முதல் ஆறு மணி நேரத்தில் வாந்தி, வயிற்றுப்போக்கு, சில சமயம் இரத்தம் கலந்த வாந்தி இவற்றோடு தொடங்கி, பிறகு குழந்தை தேறிவிட்டதுபோல ஓர் இடைவேளை வரலாம். அந்த இடைவேளைக்குப் பின்தான் அதிர்ச்சி நிலையும் கல்லீரல் பாதிப்பும் வரும். "வாந்தி நின்னுடுச்சு, தூங்குறா" என்று இரவில் வீட்டுக்குத் திரும்பிவிடுவது இங்கே மிகவும் அபாயமானது. இரத்தத்தில் இரும்பின் அளவு நான்கு முதல் ஆறு மணி நேரத்தில் உச்சம் தொடும். ஒரு டெசிலிட்டருக்கு 500 மைக்ரோகிராமைத் தாண்டினால் கடுமையான நச்சு என்று கொள்வார்கள். அதற்குப் பின் இரும்பு இரத்தத்தை விட்டுத் திசுக்களுக்குள் இறங்கிவிடுவதால், பத்து மணி நேரம் கழித்து எடுத்த மாதிரியில் எண் குறைவாக இருப்பது ஆபத்து நீங்கியதற்கான அடையாளம் ஆகாது. பாராசிட்டமாலில் சீக்கிரம் எடுத்தால் தவறாகும். இரும்பில் தாமதமாக எடுத்தாலும் தவறாகும்.

அளவு பார்க்கும் வசதி இல்லாத ஊரில் இரும்புக்கு ஓர் எளிய துணை இருக்கிறது. கரையாத இரும்பு மாத்திரைகள் வயிற்று எக்ஸ்ரேயில் வெள்ளைப் புள்ளிகளாகத் தெரியும். தெரிந்தால் உதவி, தெரியாவிட்டால் ஒன்றும் விழுங்கவில்லை என்று முடிவு செய்யக் கூடாது, ஏனெனில் கரைந்த மாத்திரையும் சிரப்பும் எக்ஸ்ரேயில் விழா. பல நச்சுகளுக்குப் பயன்படும் கரித்தூள் மருந்து இரும்பைப் பிடித்துக்கொள்ளாது. டெஸ்பெர்ரியாக்சமின் என்ற ஊசிதான் இரும்பு நச்சுக்கு மாற்று மருந்து.

சர்க்கரை மாத்திரைக்கு வேண்டிய பரிசோதனைக் கருவி எந்த ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இருக்கிறது. பல வீடுகளிலும் இருக்கிறது. கிளிமிபிரைட் வகை மாத்திரை கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கவைக்கும். ஒரே மாத்திரையால் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தையின் இரத்தச் சர்க்கரை வலிப்பு வருமளவுக்கு இறங்கலாம். அந்த இறக்கம் உடனே வராமல் எட்டு மணி நேரம், சில சமயம் அதற்கும் மேல் தாமதமாகலாம். குழந்தை இரவு உணவு உண்ணாமல் தூங்கிவிட்ட பிறகு விடியற்காலையில் வரலாம். வந்தவுடன் பார்த்த சர்க்கரை 95 என்று இருப்பதைக் காட்டி வீட்டுக்கு அனுப்பினால், அந்த எண் சொன்னது அந்த நிமிடத்தைப் பற்றி மட்டுமே. இப்படிப்பட்ட குழந்தையை ஓர் இரவு முழுவதும் மருத்துவமனையில் வைத்து மணிக்கு ஒருமுறை சர்க்கரை பார்ப்பதே முறை. மாத்திரையின் அளவை இரத்தத்தில் அளக்கும் பரிசோதனை எங்கோ சில ஆய்வகங்களில் உண்டு. அதன் முடிவு வரும்போது குழந்தையின் நிலை எப்போதோ தெளிவாகியிருக்கும். உதகையிலிருந்து கோவைக்கு அனுப்பப்படும் குழந்தைக்குக் குன்னூரிலும் மேட்டுப்பாளையத்திலும் 108 வண்டிக்குள்ளேயே விரலில் குத்திச் சர்க்கரை பார்ப்பது, கோவையில் எடுக்கப்படும் எந்தச் சிறப்புப் பரிசோதனையையும் விட மதிப்பு வாய்ந்தது.

நீலகிரிக்கே உரிய இன்னொரு ஆபத்து தைலம். கற்பூர மரம் என்று இங்கே அழைக்கப்படும் யூகலிப்டஸ், 1843-இல் காட்டன் என்ற ஆங்கிலேய அதிகாரியால் இம்மலைக்குக் கொண்டுவரப்பட்டதாகச் சொல்லப்படுகிறது. அதன் இலையில் வடிக்கும் தைலம் சளிக்கும் தலைபாரத்துக்கும் ஒவ்வொரு வீட்டிலும் இருக்கிறது. சுற்றுலாக் கடைகள் வழியாகத் தமிழ்நாடு முழுவதும் போகிறது. பனி விழும் மாதங்களில் பாட்டில் அலமாரியில் இருப்பதில்லை, படுக்கையருகே இருக்கிறது. ஒரு தேக்கரண்டி, அதாவது 5 மி.லி. அளவு உள்ளே போனாலே சிறு குழந்தை மயக்கத்துக்கும் வலிப்புக்கும் போகலாம். இதற்கென்று மருத்துவமனைகளில் வழக்கமான இரத்தப் பரிசோதனை எதுவும் இல்லை. வாயிலும் மூச்சிலும் வரும் மணமே முதல் சான்று. நுரையீரலுக்குள் எண்ணெய் இறங்கியதா என்பதை மூச்சின் வேகமும் மார்பு எக்ஸ்ரேயும் காட்டும். பூஜை அறைக் கற்பூரமும் இப்படித்தான்: சில நிமிடங்களிலேயே வலிப்பு வரலாம், அளவு பார்க்கும் பரிசோதனை கிடையாது.

இந்த வரிசையில் நான் மிகவும் அஞ்சுவது விண்டர்கிரீன் தைலத்தைத்தான். நீலகிரியிலும் பழனி மலையிலும் உயரமான இடங்களில் வளரும் ஒரு புதரின் இலையிலிருந்து அது வடிக்கப்படுகிறது, மூட்டுவலிக்குத் தேய்ப்பார்கள். இலையில் வடித்ததானாலும் ஆலையில் செய்ததானாலும் அதன் பெரும்பகுதி மெத்தில் சாலிசிலேட், அதாவது ஆஸ்பிரின் குடும்பத்தைச் சேர்ந்த பொருள். கலப்பில்லாத தைலம் ஒரு தேக்கரண்டியில் ஏறக்குறைய 7 கிராம் சாலிசிலேட் இருக்கிறது. பெரியவர்களுக்கான 325 மி.கி. ஆஸ்பிரின் மாத்திரை இருபதை ஒன்றாக விழுங்குவதற்கு அது சமம். பத்து கிலோ குழந்தைக்குக் கிலோவுக்கு 700 மி.கி. ஆகிறது, கிலோவுக்கு 500 மி.கி.யைத் தாண்டினாலே உயிருக்கு ஆபத்து என்று கொள்ளப்படும் மருந்து இது. நல்ல மணமும் தெளிவான நிறமும் கொண்ட இந்தத் திரவம், சளிக்குத் தேய்க்கும் தைலத்தைப் போன்ற அதே அளவு பாட்டிலில், அதே கடையில், அதன் பக்கத்திலேயே அடுக்கி விற்கப்படுகிறது. உள்ளே போனால் எவ்வளவு ஆபத்து என்பதை வாங்குபவருக்குச் சொல்லும் எச்சரிக்கை அந்தப் பாட்டிலில் பெரிய எழுத்தில் இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

சாலிசிலேட் நச்சு, குழந்தையை வேகமாகவும் ஆழமாகவும் மூச்சுவிடச் செய்யும். காய்ச்சலும் வாந்தியும் வரும். குளிர்காலத்தில், தைல மணம் எல்லாக் குழந்தையின் சட்டையிலும் வீசும் மலையூரில், அதை நிமோனியா என்றோ வீசிங் என்றோ எடுத்துக்கொள்வது மிக எளிது. மார்பில் இரைச்சல் எதுவும் இல்லாமல் மூச்சு மட்டும் வேகமாக இருந்தால், இரத்த வாயுப் பரிசோதனையும் சாலிசிலேட் அளவும் பார்க்கச் சொல்லும் மருத்துவர் அந்தக் குழந்தையைக் காப்பாற்றக்கூடும். இங்கே ஒரே ஓர் அளவு போதாது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையாவது மீண்டும் எடுத்து, எண் இறங்கத் தொடங்கிவிட்டதை உறுதிசெய்ய வேண்டும். இன்னொரு சிக்கலும் உண்டு: ஓர் ஆய்வகம் டெசிலிட்டருக்கு மி.கி. என்று எழுதும், இன்னொன்று லிட்டருக்கு மி.கி. என்று எழுதும். 45 என்பதும் 450 என்பதும் ஒரே அளவாக இருக்கலாம். மலையிலிருந்து சமவெளிக்குத் தொலைபேசியில் எண்ணைச் சொல்லும்போது அலகையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் பத்து மடங்கு பிழை நேரும்.

எல்லா மருந்தையும் ஒரேயடியாகத் தேடும் பரிசோதனை ஒன்று இல்லையா என்று கேட்கலாம். சிறுநீரில் செய்யும் மருந்துச் சோதனைப் பட்டை இருக்கிறது. சில பெரிய மருத்துவமனைகளில் உடனே கிடைக்கும். ஆனால் அது போதைப்பொருள் பயன்பாட்டைக் கண்டறிய உருவாக்கப்பட்டது. மார்ஃபின் வகை, கஞ்சா, கோகைன், ஆம்பெட்டமின், தூக்க மாத்திரையின் சில வகைகள் என்று ஐந்தாறு குடும்பங்களை மட்டுமே அது தேடும். சர்க்கரை மாத்திரை, இரத்த அழுத்த மாத்திரை, இரும்பு, தைராய்டு, தைலம் எதுவும் அதில் விழாது. வலிநிவாரணியான டிரமடாலை மார்ஃபின் வகைக்கான சோதனை காட்டாது. குளோனசெபாம் பல பட்டைகளில் தவறிப்போகும். இன்னொரு பக்கம், இருமல் சிரப்பில் உள்ள டெக்ஸ்ட்ரோமெத்தார்பன் வேறொரு போதைப்பொருளாகத் தவறாகக் காட்டப்படலாம். ஆகவே அந்தப் பட்டையில் எல்லாம் "இல்லை" என்று வந்ததைக் கொண்டு குழந்தை எதையும் விழுங்கவில்லை என்று சொல்லிவிட முடியாது. மூலக்கூறுகளைத் தனித்தனியாகப் பிரித்து எடையிட்டு அடையாளம் காட்டும் உயர்நிலைக் கருவிகள் உண்டு. அவற்றின் முடிவு வர நாள்கள் ஆகும்.

அதனால் மருத்துவர் முதலில் பார்ப்பது குழந்தையையே. கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கி மூச்சு மந்தமானால் அபின் வகை. கண்மணி விரிந்து, தோல் வறண்டு சிவந்து, இதயம் வேகமாக ஓடினால் இன்னொரு வகை. இதயத்துடிப்பும் இரத்த அழுத்தமும் சேர்ந்து இறங்கினால் இரத்த அழுத்த மாத்திரை. இ.சி.ஜி. ஒன்று பல சமயம் இரத்தப் பரிசோதனையை முந்திக்கொண்டு பேசும். மனச்சோர்வுக்கான அமிட்ரிப்டிலின் போன்ற பழைய மாத்திரைகளை விழுங்கிய குழந்தையின் இ.சி.ஜி.யில் ஒரு குறிப்பிட்ட அலை 100 மில்லி நொடிக்கு மேல் அகன்றிருந்தால் வலிப்பு வரும் வாய்ப்பு இருக்கிறது; அந்த ஒரு தாளைப் பார்த்தே சோடியம் பைகார்பனேட் ஊசியைத் தொடங்குகிறார்கள்.

மருந்திலேயே கலப்படம் இருப்பது வேறு வகைப் பிரச்சினை. 2025-இல் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா பகுதியில் குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தபோது, அவர்கள் குடித்த இருமல் சிரப்பில் டையெத்திலின் கிளைக்கால் 48.6 விழுக்காடு இருந்ததைத் தமிழ்நாட்டு அரசின் மருந்துப் பரிசோதனைதான் வெளிப்படுத்தியது. அங்கே சோதிக்கப்பட்டது பாட்டில். பெற்றோர் சரியான அளவில் கொடுத்த மருந்து அது. அதைத் தடுக்கும் பொறுப்பு முழுக்க உற்பத்தியாளரையும் கண்காணிக்கும் துறைகளையும் சேர்ந்தது. வீட்டில் நடக்கும் விபத்தோடு அதைக் கலந்து பேசுவது பெற்றோருக்குச் செய்யும் அநீதி.

வீடு தரவேண்டிய தகவல்கள் எளியவை. மாத்திரை அட்டை, பாட்டில், மருந்துச் சீட்டு எதுவானாலும் கையோடு எடுத்துப் போக வேண்டும். மருந்துக்கடையில் அட்டையை வெட்டிக் கொடுக்கும்போது பெயர் அச்சிட்ட பகுதி மறுபாதியோடு போய்விடுகிறது. காகித உறையில் போட்டுத் தரும் மாத்திரைக்குப் பெயரே இருப்பதில்லை. அப்படிப்பட்ட நிலையில் பாட்டியின் நோய்க் குறிப்பேடு உதவும். எத்தனை இருந்தன, எத்தனை மிஞ்சின என்று எண்ண வேண்டும். காணாத அத்தனையையும் குழந்தை விழுங்கியதாகவே மருத்துவர் கணக்கிடுவார். இரண்டு குழந்தைகள் சேர்ந்து விளையாடியிருந்தால், ஒவ்வொருவரும் முழு அளவையும் விழுங்கியதாக வைத்தே இருவரையும் கண்காணிப்பார். குழந்தையின் எடை தெரிய வேண்டும். அங்கன்வாடியில் எடுத்த எடை குறிப்பில் இருக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக நேரம்: குழந்தையைக் கடைசியாக நன்றாகப் பார்த்தது எப்போது, மாத்திரை சிதறிக் கிடந்ததைக் கண்டது எப்போது.

இந்தத் தகவல்கள் மருத்துவரிடம் முழுதாக வந்து சேராமல் போவதற்கு அறியாமையை விட அச்சமே பெரிய காரணம். நச்சு உட்கொண்டதாக வரும் நோயாளியை விபத்துப் பதிவேட்டில் எழுதிக் காவல் துறைக்குத் தெரிவிப்பது மருத்துவமனைகளின் வழக்கம். "ஏ.ஆர். போடுவாங்க, போலீஸ் வரும்" என்ற பயத்தில் வயிற்றுப்போக்கு என்று சொல்லிச் சேர்ப்பவர்கள் உண்டு. மாமியாரின் மாத்திரையா மருமகளின் மாத்திரையா என்ற வீட்டுச் சண்டைக்கு அஞ்சி எண்ணிக்கையைக் குறைத்துச் சொல்பவர்களும் உண்டு. ஐந்து மாத்திரையை ஒன்று என்று சொன்னால் கணக்கு முழுவதும் தவறாகிவிடும். பதிவேடு என்பது ஒரு பதிவு மட்டுமே என்றும், தவறுதலாக நடந்ததற்காகப் பாட்டியை யாரும் குற்றவாளியாக்கப் போவதில்லை என்றும் சேர்க்கும் இடத்திலேயே செவிலியர் சொல்லிவிட வேண்டும். கேள்வி கேட்கும் குரல் கடிந்துகொள்ளும் குரலாக இருந்தால் உண்மை வெளிவராது. வயிற்றைக் கழுவி எடுத்த நீரைத் தடய அறிவியல் ஆய்வகத்துக்கு அனுப்புவது சட்டத்துக்கான வேலை. அதன் அறிக்கைக்குச் சிகிச்சை காத்திருக்காது.

வாந்தி எடுக்கவைக்க உப்புநீர், புளிக்கரைசல், தொண்டையில் விரல் எதுவும் வேண்டாம். உப்புநீர் குழந்தையின் இரத்தத்தில் சோடியத்தை ஏற்றித் தனி ஆபத்தை உண்டாக்கும். தைலம் குடித்த குழந்தையை வாந்தி எடுக்கவைத்தால் எண்ணெய் நுரையீரலுக்குள் போகும். வாந்தி எடுக்கவைக்கும் மருந்தை வீட்டில் வைத்திருக்கச் சொல்லிவந்த அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கமே 2003-இல் அந்தப் பரிந்துரையைக் கைவிட்டது. கரித்தூள் மருந்து பெரும்பாலும் முதல் ஒரு மணி நேரத்தில்தான் பயன் தரும். மலையிலிருந்து இறங்கி வருவதற்குள் பலருக்கு அந்த நேரம் முடிந்துவிடும். எந்த மருத்துவரும் எந்த நேரத்திலும், ஏன் பெற்றோரும்கூட, டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் இயங்கும் தேசிய நச்சுத் தகவல் மையத்தை 1800 116 117 என்ற கட்டணமில்லா எண்ணில் அழைக்கலாம். மாத்திரையின் பெயரும் குழந்தையின் எடையும் நேரமும் கையில் இருந்தால், எந்தப் பரிசோதனை, எப்போது, எங்கே என்று அங்கே வழிகாட்டுவார்கள்.

உதகையில் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட பிறகு, ஒரு காலத்தில் கோவைக்கே போக வேண்டியிருந்த பல நோயாளிகள் மலையிலேயே தங்கிச் சிகிச்சை பெற வாய்ப்பு வந்திருக்கிறது. நச்சுக்குரிய ஆய்வக வசதியை நான்கைந்து மருந்துகளுக்காவது இங்கேயே இரவு பகலாக நடத்துவது அடுத்த தேவை. பாராசிட்டமால், சாலிசிலேட், இரும்பு, வலிப்பு மாத்திரைகள் ஆகியவற்றின் அளவைப் பார்க்கும் வசதி உதகையில் எந்நேரமும் கிடைத்தால், அக்டோபர், நவம்பர் மழையில் குன்னூர்ப் பாதையில் மண் சரியும் இரவுகளில் குழந்தையை அனுப்புவதா வைத்துக்கொள்வதா என்ற முடிவு ஊகத்தின் மேல் நிற்காது.

கண்காணிப்பு முடிந்து வீட்டுக்கு அனுப்பும்போதும் மருந்துக்கு மருந்து வேறுபாடு உண்டு. தைராய்டு மாத்திரையை விழுங்கிய குழந்தைக்கு முதல் நாள் எதுவும் தெரியாது; அது உடலில் மெதுவாக மாறியே வேலை செய்வதால், படபடப்பும் காய்ச்சலும் தூக்கமின்மையும் மூன்று நாள் முதல் ஒரு வாரம் வரை கழித்து வரலாம். அப்படிப்பட்ட குழந்தையின் சீட்டில் எந்தெந்த நாள் திரும்ப வர வேண்டும், நாடித்துடிப்பு எவ்வளவு ஆனால் அன்றே வர வேண்டும் என்பதைத் தமிழில் எழுதிக்கொடுத்து, கிராம சுகாதாரச் செவிலியருக்கும் தகவல் சொல்லி அனுப்ப வேண்டும்.